இறங்கும் வழிக்கு ஒரு வண்டி

சங்கரன்கோவிலில் வாழ்வார்க்கு மலையென்பது மேற்றிசையில் நீல வரம்பாக நாடோறும் கண்ணிற் படுவதேயன்றிக் காலில் மிதிபடுவதன்று. கரிசலும் செம்மண்ணும் விரவிய சமநிலத்திலே ஓடிப் பழகியவை எம் ஊர் வண்டிகள். ஒரு லிட்டர் எண்ணெய்க்கு எத்தனை கிலோமீட்டர் ஓடும், கலியாண வீட்டு வாயிலில் நிறுத்தினால் பார்வைக்கு எங்ஙனம் இருக்கும் என்னும் இரண்டு வினாக்களோடு ஈண்டு வண்டியைப் பற்றிய ஆராய்ச்சி முடிந்துவிடும். ஆடித்தபசு நாளில் மக்கள் வெள்ளத்தினூடே ஊர்ந்து செல்லுதலே அவற்றிற்கு வாய்க்கும் பெருஞ்சோதனை. இத்தகைய ஊரிலிருந்து மூணாற்று மலைக்குச் செல்ல ஒரு வண்டியைத் தெரிந்தெடுக்க வேண்டிய காரியம் சென்ற தை மாதத்தில் எமக்கு நேர்ந்தது. அதனைக் குறித்துச் சில கூறுவாம்.

எம் தந்தையாரின் தமக்கையார் எழுபத்தாறு பிராயத்தினர். மூணாற்றுப் பக்கத்திலே ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில் பிறந்து, அங்கேயே கொழுந்து பறித்து, அங்கேயே வாழ்க்கைப்பட்டு, ஓய்வு பெற்ற ஞான்று லயத்து வீட்டைத் தோட்டத்தாரிடம் ஒப்படைத்துவிட்டு 2007-ஆம் ஆண்டிலே கீழிறங்கி வந்தவர். நெல்லைச் சீமையினின்று கங்காணிமார் பின்னே மலையேறிய குடும்பங்கள் பல. எம் பாட்டனார் குடும்பமும் அவற்றுள் ஒன்று. தந்தையாரைப் படிப்பின்பொருட்டுச் சிறு பிராயத்திலேயே ஊரிற் கொணர்ந்து விட்டமையால் அவர்க்கு மலை ஒரு கனவுபோலவே நினைவிலுள்ளது. அத்தைக்கோ அஃது ஐம்பத்தெட்டு ஆண்டு வாழ்வு. மாமாவைப் புதைத்த இடமும் அத்தோட்டத்துச் சரிவிலேதான் இருக்கின்றது. கண்ணை மூடுமுன் அதனை ஒரு முறை பார்த்துவர வேண்டும் என்று அவர் மூன்றாண்டுகளாகச் சொல்லி வந்தார். ஆனால் ஒவ்வொரு முறையும் நாள் குறித்தவுடன் தாமே ஏதேனும் ஒரு சாக்குச் சொல்லித் தட்டிக் கழித்தும் வந்தார்.

காரணம் பின்னரே விளங்கிற்று. 2007-இல் தட்டுமுட்டுச் சாமான்களோடு லாரியில் ஏறிப் போடிமெட்டு வழியாக இறங்கி வருங்கால், பாதி மலையில் பிரேக்கினின்று புகை எழும்பி, ஓட்டியவர் சக்கரத்திற்குக் கல்லை முட்டுக் கொடுத்து நிறுத்திவிட்டாராம். கோழிக்கூண்டை மடியில் வைத்துக்கொண்டு ஒன்றரை நாழிகை சாலையோரம் உட்கார்ந்திருந்த அந்த அச்சம் அவரை விட்டு நீங்கவேயில்லை. வண்டி பார்க்கத் தொடங்கிய அன்று அவர் கூறியது இவ்வளவே: "ஏறுததுக்கு எந்த வண்டியும் ஏறிரும் ஐயா. எறங்குததுக்கு எது நல்லதுன்னு கேட்டுட்டு வாங்க."

இச்சொல்லையே உரைகல்லாகக் கொண்டு யாம் வண்டிகளை ஆராயப் புகுந்தோம்.

முதற்கண் வழியைச் சொல்லுதல் வேண்டும். இராஜபாளையம், திருவில்லிபுத்தூர், பேரையூர், உசிலம்பட்டி, ஆண்டிபட்டி, தேனி வழியே போடிநாயக்கனூர் சேரும் வரையில் குறிப்பிடத்தக்கது யாதுமில்லை. ஆண்டிபட்டிக் கணவாய் ஒன்றே சிறு மேடு. போடியைக் கடந்து முந்தல் என்னுமிடத்தில் மலை தொடங்குகின்றது. அங்கிருந்து போடிமெட்டு வரை ஏறக்குறைய 20 கிலோமீட்டர். அதற்குள் 17 கொண்டை ஊசி வளைவுகள். ஏறும் உயரம் ஏறக்குறைய 1,000 மீட்டர். மெட்டிற்கு அப்பால் கேரளம். பூப்பாறை, தேவிகுளம் வழியாக மூணாறு செல்லும் அச்சாலை இப்போது நன்கு அகலப்படுத்தப்பட்டுள்ளது. ஆதலின் எம் கவலையெல்லாம் அந்தப் பதினேழு வளைவுகளைப் பற்றியதே.

ஒரு காலத்தில் இம்மலைத் தேயிலை சக்கரத்தை நம்பி முழு வழியும் இறங்கியதில்லை என்பதும் ஈண்டு நினைக்கத்தக்கது. மூணாற்றிலிருந்து குண்டளைப் பள்ளத்தாக்கின் வழியே 1902-இல் ஒற்றைத் தண்டவாள வண்டியும், 1908-இல் அதனிடத்தே சிறிய இருப்புப்பாதையும் அமைக்கப்பட்டன. அவை தேயிலைப் பெட்டிகளை டாப் ஸ்டேஷன் என்னும் மலைவிளிம்பிற் கொணர்ந்து சேர்க்க, அங்கிருந்து கம்பிவடத்தில் தொங்கவிட்டுக் கொட்டகுடிக்கு இறக்கினர். 1924-ஆம் ஆண்டுப் பெருவெள்ளத்தில் அவ்விருப்புப்பாதை அழிந்தது. பெட்டி கம்பியில் இறங்கியது. அதனை நிரப்பியவர்களோ நடந்தே ஏறி நடந்தே இறங்கினர்.

பிரயாணத்திற்குத் தை மாதத்தைக் கொண்டதற்கும் காரணமுண்டு. 2020 ஆகஸ்டு 6-ஆம் நாள் இரவில் பெட்டிமுடியில் மலை சரிந்து லயங்களின்மேல் விழ, எழுபது பேர் மாண்டனர். அவருட் பலர் எம் தென்பாங்கிலிருந்து சென்ற குடும்பத்தினர். மழைக்காலத்தில் அம்மலையிற் பயணம் என்ற பேச்சையே அத்தை எடுக்க விடுவதில்லை.

நிற்க. டீசல் வண்டியென்று முன்னரே முடிவு செய்தமைக்குக் காரணம் வினவுவார்க்குச் சில சொல்லுதும். ருடால்ஃப் டீசல் என்னும் ஜெர்மானியர் 1897-இல் இயக்கிக் காட்டிய எந்திரத்தில் தீப்பொறி கிடையாது. காற்றை மிகவும் நெருக்க, அந்நெருக்கத்தாலேயே அது காய்ந்து, உட்செலுத்திய எண்ணெயைப் பற்றவைக்கின்றது. பெட்ரோல் எஞ்சின் பெரும்பாலும் காற்றைப் பத்தில் ஒரு பங்காக நெருக்குமாயின், டீசல் எஞ்சின் பதினாறில் ஒரு பங்கு அல்லது அதனினும் சிறிதாக நெருக்குகின்றது. இதனால் எண்ணெய்ச் செலவு குறைகின்றது. எஞ்சின் மெல்லச் சுழலும்போதே இழுப்பு மிகுகின்றது. 1.3 லிட்டர் டீசல் எஞ்சின் பூட்டிய ஸ்விப்ட் நிமிஷத்திற்கு 2,000 சுற்றில் 190 நியூட்டன் மீட்டர் திருகுவிசை தந்தது, அவ்வண்டியின் 1.2 லிட்டர் பெட்ரோல் எஞ்சின் 4,000 சுற்றிற்குச் சென்றும் 115-ஐத் தாண்டவில்லை. ஆட்கள் நிறைந்த வண்டி வளைவில் நின்று மீண்டும் புறப்படுங்கால் இவ்வேற்றுமை பாமரர்க்கும் விளங்கும். எனினும் 2020 ஏப்ரலில் பாரத் ஸ்டேஜ் ஆறு என்னும் புகைவிதி வந்தபோது மாருதியார் டீசல் வண்டிகளையே நிறுத்திவிட்டனர். ஆகவே சிறு டீசல் வண்டி வேண்டுவோர் பெரும்பாலும் பழைய வண்டியையே நாடவேண்டியுள்ளது.

மின்சார வண்டியில் செல்லலாமே என்று எம் தமக்கை கூறினாள். இறக்கத்தின் ஆற்றலை அது பாட்டரியில் திரும்பச் சேமித்துக்கொள்வது மெச்சத்தக்கதே. ஆயினும் அவ்வண்டி உற்றாரில் எவரிடமும் இல்லாமையால் அப்பேச்சு அவ்வளவில் நின்றது.

எமக்குக் கிட்டிய வண்டிகள் நான்கு.

முதலாவது, எம் மைத்துனரின் டீசல் ஸ்விப்ட். அதற்கு வாடகையில்லை. திரும்புதற்கு மிகவும் இசைந்தது, 4.8 மீட்டர் ஆரத்தில் வட்டமடித்துவிடும். ஆனால் செல்வோர் அத்தை, தந்தையார், தாயார், தமக்கை, அவள் மகன், யாம் என ஆறு பேர், ஓட்டுவாரோடு எழுவர். சிறுவனை மடியில் வைத்துக்கொள்ளலாம், யாம் பேருந்தில் வரலாம் என்றெல்லாம் தந்தையார் கணக்கிட்டார். அப்போதும் முழங்கால் நோயுள்ள அத்தை காலை நீட்ட இடமிராது. முன்சக்கரம் இழுக்கும் வண்டியில் பின்னே பாரம் ஏற ஏற, ஏற்றத்தில் முன்சக்கரத்தின் பிடி தளரும் என்பதும் ஒரு குறை.

இரண்டாவது, தந்தையாரின் நண்பர் ஒருவர் கண்போற் காத்துவரும் டீசல் அம்பாசடர். 2014-இல் உத்தர்பாராவில் இதன் உற்பத்தி நின்றுபோயிற்று. தந்தையார் இதன்பால் வைத்த அன்பிற்கு அளவில்லை. சாய்ந்திருக்க மெத்தை, காலுக்கு இடம், கதவைச் சாத்தினாற் பெட்டகத்தைச் சாத்தினாற்போன்ற ஓசை. எமக்கும் அதன்மேல் ஆசையே. ஆனால் அதன் பழைய டீசல் எஞ்சின் நாற்பது குதிரைத்திறனைத் தாண்டாதது, டர்போ இல்லாதது. ஏற்றத்தில் மெல்லச் செல்வது பிழையன்று. அத்தையின் உரைகல்லில் உரைக்கும்போதுதான் தயக்கம் வந்தது. நண்பரின் வண்டியில் நான்கு சக்கரத்திலும் டிரம் பிரேக்கே உண்டு. சூடேறினால் டிரம் விரிந்து பிரேக் கட்டையினின்று அகன்றுபோகும். சூடும் உள்ளேயே அடைபட்டு நிற்கும். டிஸ்க் பிரேக்கோ காற்றுப்பட வெளியே சுழல்வதால் விரைந்து ஆறும். நண்பரே இதனை ஒப்புக்கொண்டு, "சங்கரன்கோவிலுக்கும் தென்காசிக்கும் நடுவே இவளைப்போல் வண்டியில்லை; போடிமெட்டிற்கு வேண்டாம்" என்றார். இவ்வளவு நேர்மையாகத் தம் வண்டியைப் பற்றிப் பேசுவோரை யாம் பிறகு காணவில்லை.

மூன்றாவது ஒரு பொலேரோ. வலுவான சட்டகம், பின்சக்கர இழுவை, எஃகுப் பட்டைகளை அடுக்கிய வில், எந்தப் பள்ளத்திற்கும் அஞ்சாத நடை. ஆயினும் பின்னிருக்கையில் பக்கம் நோக்கி அமர்ந்து பதினேழு வளைவைக் கடப்பது வாந்தி வரும் இயல்பினர்க்குத் தண்டனையாம். அதனினும் பெரிய தடை அதன் எண்பலகையில் இருந்தது. வெள்ளைப் பலகையில் கருப்பெழுத்து. அஃதாவது சொந்த உபயோகத்திற்கெனப் பதிவான வண்டி. டீசலும் மேற்கொண்டு ஒரு தொகையும் கொடுத்தாற் போதுமென்று அதன் உடையவர் இனிமையாகச் சொன்னார். டாக்சி வாடகையில் ஏறக்குறையப் பாதி. மாதச் சம்பளக்காரரான எமக்கு அது சிறு தொகையன்று. ஆனால் சொந்த வண்டியின் இன்ஷுரன்ஸ் பத்திரத்தை எடுத்துப் படிப்போர், வாடகைக்கு விடுதல் அதன் காப்பிற்குப் புறம்பு என்று எழுதியிருக்கக் காண்பர். விபத்து நேர்ந்தால் உள்ளே அமர்ந்தவர்கள் நஷ்டஈட்டிற்கு நீதிமன்றத்தில் ஆண்டுக்கணக்கில் வழக்காட நேரும். மஞ்சட் பலகையின் பொருள் அழகன்று. அதற்குரிய அனுமதியும், தகுதிச் சான்றும், பயணிகளையும் காக்கும் இன்ஷுரன்சும் அதன்பின் நிற்கின்றன. இதனைச் சொல்லும்போது எம் வீட்டிலேயே சிலர் நகைத்தனர். நம் ஊரில் வெள்ளைப் பலகையில் போகாதவர் யார் என்பது அவர்கள் வாதம். போய் வந்தவர்களின் கணக்கே அது. மற்றவர்கள் வாதிட வருவதில்லை.

ஆகவே நான்காவதாகிய மஞ்சட் பலகை இன்னோவாவையே தேடினோம். 2005 முதல் வந்த பழைய வகையில் 2.5 லிட்டர் டீசல் எஞ்சின். திருகுவிசை 200 நியூட்டன் மீட்டர். ஸ்விப்ட்டின் சிறு எஞ்சினைவிட அதிகமில்லையே என்பார்க்கு விடை, அது 1,400 சுற்றிலேயே கிட்டுகின்றது என்பதாம். சிறு எஞ்சினும் டர்போவும் உடைய வண்டிகள் வளைவில் வேகங் குறைந்து 2,000 சுற்றிற்குக் கீழ் வந்தால் சிறிது உறங்கிப் பின் திடீரென விழித்துப் பாய்வதுண்டு. பெரிய எஞ்சினுக்கு அவ்வுறக்கம் குறைவு. முன்னோக்கிய மூன்று வரிசை இருக்கை, பின்சக்கர இழுவை, முன்னே டிஸ்க், பின்னே டிரம். வளைவில் ஸ்விப்ட்டைவிட இடம் அதிகம் வேண்டும், அது பொறுக்கத்தக்கதே.

வண்டி தீர்மானமாயிற்று, ஆனால் காரியம் முடியவில்லை. அவ்வகை வண்டிகள் இரண்டு கிடைத்தன. ஒன்று ஓராண்டிற்கு முன் புதுக்கியது. டயர் புதியது, உறை புதியது, வாடகையும் சற்றுக் குறைவு. மற்றொன்று மூன்று இலட்சம் கிலோமீட்டர் கடந்த கிழம். முன்னதன் சாரதி இளைஞர், கலகலப்பானவர். மலைப்பழக்கம் எப்படி என்று வினவியபோது பெருமையுடன் கூறினார்: போடிமெட்டின் உச்சியில் எஞ்சினை அணைத்து நியூட்ரலில் விட்டால் முந்தல் வரை ஒரு சொட்டு டீசல் செலவின்றி இறங்கிவிடுவாராம்.

இவ்விடத்திற் சற்று நின்று கணக்கிடல் தகும். ஏழு பேரும் மூட்டையும் ஏற்றிய அவ்வண்டியின் எடை ஏறக்குறைய 2,100 கிலோ. அது 1,000 மீட்டர் இறங்குங்கால் விடுபடும் ஆற்றலை முழுதும் சூடாக்கினால், அண்டாத் தண்ணீர் எழுபது லிட்டரைக் கொதிக்க வைத்துவிடலாம். காற்றிலும் டயரிலும் ஒரு பகுதி கழியும். எஞ்சியதை எஞ்சின் தாங்கவேண்டும், அன்றேல் பிரேக் தாங்கவேண்டும். வேறு போக்கிடமில்லை. எஞ்சினை அணைத்தவர் அவ்வளவையும் தட்டளவினவாகிய இரண்டு இரும்பு வட்டங்களிலும் பின்னுள்ள இரண்டு டிரம்மிலும் ஏற்றிவிடுகின்றார். சூடு பிரேக் ஆயிலை எட்டினால் அது கொதித்து ஆவியாகும். ஆயில் அழுத்தத்திற்கு இசையாது, ஆவி இசையும். அப்போது மிதி தரைவரை தாழ்ந்துபோகும், வண்டி நில்லாது. புதிய டாட் 3 வகை ஆயில் 205 பாகை செல்ஷியஸ் வரை கொதியாது. ஆனால் அது காற்றின் ஈரத்தை உறிஞ்சும் இயல்பினது. ஈரம் ஏறியபின் 140 பாகையிலேயே கொதிக்கலாம். இரண்டாண்டிற்கொரு முறை அதனை மாற்றச் சொல்வது இதனாலேயே. அத்தை கண்ட லாரிப் புகை எதனால் எழுந்தது என்பது இப்போது எமக்குத் தெளிவாயிற்று.

அன்றியும் எஞ்சின் நின்றால் பிரேக்கிற்குத் துணைசெய்யும் வெற்றிடப் பம்பும் நிற்கும். இரண்டு மூன்று முறை மிதித்தபின் பிரேக் கல்லாய் இறுகும், ஸ்டீரிங்கும் கனக்கும். இத்தனை ஆபத்திற்கும் ஈடாக மிஞ்சும் டீசல்தான் எவ்வளவு? மின்கட்டுப்பாடுடைய எஞ்சினில், வண்டி கியரிலிருக்கக் காலை ஆக்சிலரேட்டரினின்று எடுத்துவிட்டால் எண்ணெய் தானே நின்றுவிடுகின்றது. கியரில் இறங்குவோர்க்கே அது மிச்சம்.

டீசல் வண்டி இறக்கத்தில் தானே பிடித்துக்கொள்ளும் என்றொரு வழக்கு எம் ஊர்ப் பணிமனைகளில் உண்டு. அதுவும் பாதி மெய்யே. பெட்ரோல் எஞ்சின் காற்றுவழியை அடைத்துக்கொள்வதால் வெற்றிடத்தை இழுத்து வண்டியைத் தடுக்கும். டீசல் எஞ்சினில் அவ்வாறு அடைக்கும் வழக்கம் பொதுவாக இல்லை. நெருக்கிய காற்று வில்லைப்போல் மீண்டும் தள்ளி, வாங்கியதிற் பெரும்பகுதியைத் திருப்பிக் கொடுத்துவிடும். பெரிய லாரிகட்குப் புகைவழியை அடைக்கும் தனிப் பிரேக் வைப்பது இக்குறை தீரவே. ஆகவே டீசல் என்றவுடன் மூன்றாம் நான்காம் கியரில் இறங்கலாகாது. இரண்டாம் கியரில், எஞ்சின் முழங்க, மெல்ல இறங்கவேண்டும். ஏறிய கியரிலேயே இறங்கு என்று பழைய சாரதிகள் சொல்வது இதனையே.

இதனையெல்லாம் அவ்விளைஞரோடு வாதிட யாம் விரும்பவில்லை. கிழ வண்டியின் சாரதியைக் காணச் சென்றோம். அறுபதை அணுகியவர், அதிகம் பேசாதவர். எப்படி இறங்குவீர்கள் என்று வினவியதற்கு, "ரெண்டுல" என்ற ஒரே சொல்லே விடை. பிரேக் ஆயில் எப்போது மாற்றினீர் என்றதற்கு வண்டிப் பெட்டியைத் திறந்து, நான்கு மாதத்திற்கு முந்தைய சீட்டை எடுத்து நீட்டினார். பாட்டியம்மாவுக்கு முன்னிருக்கைதான் என்றும், காலையில் இட்டிலி இரண்டுக்குமேல் வேண்டாமென்றும் தாமே சொன்னார். புதுக்கிய வண்டியைவிட வாடகை ஆயிரத்தைந்நூறு ரூபாய் அதிகம். தந்தையார் ஒரு பெருமூச்சோடு இசைந்தார்.

ஏற்றத்தைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. அத்தை சொன்னபடியே வண்டி ஏறிற்று. மேலிருந்து இறங்கும் வண்டிகளிற் சில ஏறுவார்க்கு வழிவிட்டன, பல விடவில்லை. மலைச்சாலையில் ஏறும் வண்டிக்கு இறங்கும் வண்டி வழிவிட வேண்டுமென்று 2017-ஆம் ஆண்டு ஓட்டுதல் விதிகள் கூறுவதை அறிந்தோர் அருகியே உள்ளனர் போலும். தமக்கையின் மகன் கடைசி வரிசையில் அமர்ந்து ஒன்பதாம் வளைவில் வாந்தியெடுத்தான். அச்சுக்குப் பின்னுள்ள இருக்கை எந்த வண்டியிலும் அதிகம் வீசும். முன்னிருக்கையில் அமர்ந்த அத்தைக்கோ யாதொன்றும் நேரவில்லை.

தோட்டத்திற் காவலரிடம் கேட்டு உள்ளே சென்றோம். மாமாவின் குழிமேட்டில் அடையாளக் கல் சாய்ந்திருந்தது. அத்தை அழுவார் என்று எண்ணியிருந்தோம்; அவர் உட்கார்ந்து, சுற்றிலும் முளைத்த களையைக் கைவிரலால் கொழுந்து கிள்ளும் விரைவோடு கிள்ளி அகற்றினார். அரை மணி நேரம் ஒருவரும் பேசவில்லை. சாரதி எங்கிருந்தோ ஒரு கம்பி கொணர்ந்து கல்லை நிமிர்த்தி நிறுத்த உதவினார்.

மறுநாட் காலை போடிமெட்டில் வண்டியை நிறுத்தி, சாரதி பிரேக்கை இருமுறை அழுத்திப் பார்த்தார், இரண்டாம் கியருக்கு மாற்றினார், இறங்கலானார். எஞ்சின் ஒரே சுருதியில் முனகிக்கொண்டு வந்தது. எங்கள் பின்னால் ஒலியெழுப்பியவர்களை அவர் ஒதுங்கி முன்னே விட்டார். வளைவு தோறும் நட்ட பலகையின் எண்ணை அத்தை வாய்விட்டுப் படித்துவந்தார்: பதினேழு, பதினாறு, பதினைந்து. பதினொன்றில் "இங்கனதான்" என்றார். சாரதி கேளாமலே ஓரமாக நிறுத்தினார். அத்தை இறங்கவில்லை, கண்ணாடியை இறக்கி அச்சாலையோரத்தைச் சற்று நேரம் பார்த்தார். பின்பு போகலாம் என்று கைகாட்டினார்.

முந்தலில் தேநீர்க்கடை வாயிலில் நின்றபோது சாரதி நான்கு சக்கரங்களையும் சுற்றி வந்து, தொடாமல் அருகே உள்ளங்கையை நீட்டிப் பார்த்தார். யாமும் பார்த்தோம். சூடு இருந்தது, வாடை இல்லை. அத்தை தமக்கு இரண்டாவது தேநீர் வேண்டுமென்றார். தேயிலை நல்லதில்லை என்று குறையும் சொன்னார்.